சலாலாவில் விபூதி கொட்டிய வீடு

அம்மா,

நேற்று செருப்பு அலமாரியைத் திறந்தேன். கொச்சியில் மூன்று வாரமாக விடாத மழை. ஆசைப்பட்டு வாங்கி இரண்டு தரம்கூடப் போடாத தோல் செருப்பின் மேல் வெள்ளை வெளேரென்று பூஞ்சை பிடித்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் உடனே போன் போட்டு, என் செருப்புக்கு அருள் இறங்கியிருக்கிறது, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருப்பேன். நீயும் "போடி கழுதை" என்று போனை வைத்திருப்பாய்.

போனவர்களைப் பற்றி எழுதினால் நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். உன்னைப் பற்றி எழுத எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கூட்டத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அவர்களைப் பற்றி நல்லதாக அரை வார்த்தைகூட என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. பத்தாவது முடித்திருந்தேன். மஸ்கட்டில், ரூவியில், துணிக்கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறை வீட்டில்தான் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருந்தோம். அங்கே வெயில்காலம் என்றால் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்தான். காசு இருக்கிறவர்கள் ஊருக்கு லீவில் போய்விடுவார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் ஜன்னலுக்கு அட்டை ஒட்டிக்கொண்டு உள்ளேயே கிடப்பார்கள். அந்த வருஷம் அப்பாவுக்கு லீவு இல்லை. தெற்கே சலாலாவில், கடற்கரையோரமாக ஒரு ஹோட்டல் கட்டுகிற வேலைக்கு அவரை சைட் இன்ஜினியராக மாற்றிவிட்டார்கள். நாமும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போனோம்.

பகல் முழுக்கப் பாலைவனத்தில் ஓடிய கார், சாயங்காலம் ஒரு மலையில் ஏறியதும் பனிமூட்டத்துக்குள் போய்விட்டது. கண்ணாடியை இறக்கினேன். முகத்தில் தூறல் விழுந்தது. ஜூலை மாதத்தில், அரபு நாட்டில், தூறல். மலை முழுக்கப் புல், அதில் ஒட்டகங்கள் மாடு மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. கரீஃப் என்று அந்த மழைக்காலத்துக்கு அங்கே பேர். கீழே ஊருக்குள் போனால் தென்னந்தோப்பு, வாழைத்தோப்பு, ரோட்டோரம் இளநீர்க் கடை. நீ காரில் எதுவும் பேசாமல் வந்தாய். இளநீர்க் கடையைப் பார்த்ததும் மட்டும், "நிறுத்தச் சொல்லுடி" என்றாய். அப்பா நிறுத்தவில்லை. ப்ராஜெக்ட் மேனேஜர் காத்துக்கொண்டிருப்பாராம்.

அந்த ஊரை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து வயதில்தான் முதல் தடவையாக ஒரு தெருவில் தனியாக நடந்தேன். நனைந்துகொண்டே கடைக்குப் போய் பால் வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டு ஓமானிப் பெண் சைக்கிள் கொடுத்தாள். தோப்புச் சந்துகளில் ஓட்டிக் கற்றுக்கொண்டேன். முட்டியில் தோல் பெயர்ந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த உடம்பு என்னுடையது, இதை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்று தெரிந்துகொண்டது அந்த ஒன்றரை மாதத்தில்தான். சூரியன் கண்ணில் படவே இல்லை. துணி காயவில்லை, உப்பு ஜாடிக்குள்ளேயே நீர்த்துவிட்டது, அப்பளம் பொரித்து வைத்தால் அடுத்த நிமிஷம் நமுத்துப் போனது. நீ சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாய். எனக்கு எல்லாமே மாயாஜாலமாக இருந்தது.

சங்கடம் எல்லாம் ஊரில் இல்லை, ஊரில் இருந்த நம் ஆட்களிடம் இருந்தது. அவர்களுக்குத் தலைவர் பஞ்சாட்சரம் அங்கிள். அப்பாவுக்கு ப்ராஜெக்ட் மேனேஜர். எட்டு முழம் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைத் தமிழ். இரண்டு பேர் நின்றால்கூட மைக் பிடித்த மாதிரிதான் பேசுவார். அவர் சிரித்தால் அத்தனை இன்ஜினியர்களும் சிரிப்பார்கள். அவர் தும்மினால் அப்பா கைக்குட்டையோடு நிற்பார். வீட்டில் நம்மிடம் ராஜா மாதிரி உறுமுகிற அதே அப்பா, அவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டதை நீயும்தான் பார்த்தாய்.

வந்த முதல் வாரமே நம்மை மிர்பாத் போகிற வழியில் ஒரு ரோட்டுக்கு அழைத்துப்போனார். அங்கே காரை நியூட்ரலில் போட்டால் மேட்டில் தானாக ஏறுகிறதாம். போட்டார், ஏறியது. பூமிக்குள் காந்தம் இருக்கிறது என்று விளக்கம் கொடுத்தார். கூட வந்தவர்களில் இரண்டு சிவில் இன்ஜினியர், ஒரு சர்வேயர். லெவல் வைத்து மேடு பள்ளம் பார்ப்பதுதான் அவர்கள் பிழைப்பே. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நீ காரிலிருந்து இறங்கி, கையில் இருந்த பாட்டில் தண்ணீரை ரோட்டில் கொஞ்சம் ஊற்றினாய். தண்ணீரும் கார் போன பக்கமே ஓடியது. "அந்தப் பக்கம்தாங்க பள்ளம். மலைச் சரிவு கண்ணை ஏமாத்துது" என்றாய், மெதுவாக. அங்கிள் குனிந்து பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, தண்ணியையே இழுக்குது காந்தம்!" என்றார். சர்வேயர் கை தட்டினார். காந்தம் தண்ணீரை இழுக்கிறது என்று நம்புகிறவன் கட்டின ஹோட்டலில் யார் தங்குகிறார்களோ, பாவம். நீ பாட்டிலை மூடிவிட்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாய். உன்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அங்கிள், அவர் மனைவி மகேஸ்வரி ஆன்ட்டி, மகள் அபிராமி. அவள் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, மெடிக்கல் சீட்டுக்காகக் காத்திருந்தாள். எக்கச்சக்க மார்க். "ரெண்டே வருஷம், தேச்சு எடுத்துட்டாங்க" என்றார் அங்கிள், அடிப்பிடித்த பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல. நீ அவளிடம் இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்டாய். அவள் எச்சில் கையோடு எழுந்து நின்றாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "போதும் மிஸ்" என்றாள்.

உன்னைப் போய் மிஸ் என்றாள், அம்மா. என்னைவிட இரண்டே வயது பெரியவள். அப்புறம் தம்ளரைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டாள். அங்கிளுக்குப் பெருமை தாங்கவில்லை. இதற்குப் பேர்தான் டிசிப்ளின் என்றார். அப்பா அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மாடு வைத்திருக்கிறவன் பக்கத்து வீட்டு மாட்டைப் பார்த்துவிட்டுத் தன் மாட்டைப் பார்க்கிற பார்வை அது. நீ கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாய். ரசம் தரையில் சொட்டியதுகூட உனக்குத் தெரியவில்லை.

மறுநாளே அப்பா காலிங் கார்டைச் சுரண்டி, நம்பரை அழுத்தி, திருச்சியில் இருந்த பெரியப்பாவிடம் பேசினார். அதே பள்ளிக்கூடம், அதே ஹாஸ்டல். பெரியப்பாவுக்கு அங்கே ஆள் தெரியும், லேட்டானாலும் சேர்த்துவிடுவார்கள். ஆடி மாதம் போகட்டும், ஆவணி பிறந்ததும் அனுப்பிவிடலாம் என்று முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. உன்னையும்தான். நீ இரண்டு தரம் ஏதோ சொல்லப் போனாய். "உனக்கு என்ன தெரியும்" என்று அப்பா டீவியைச் சத்தமாக வைத்தார். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே உன் கல்யாண வாழ்க்கை ஓடிவிட்டது.

நான் ராத்திரியெல்லாம் அழுதேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அழவில்லை, பயந்தேன். சைக்கிளில் போகும்போதும், அபிராமி தண்ணீருக்கு அனுமதி கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அங்கே போனால் நானும் அப்படித்தான் ஆவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இதற்கு நடுவில்தான் முருகன் வந்தார். உன் கல்யாணத்தன்று பழனியில் வாங்கிய அந்தக் கண்ணாடி போட்ட படம். சலாலா வீட்டில் அதை, ஹாலோடு சேர்ந்திருந்த சமையலறையில், வெளிப்பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தாய். அந்தச் சுவர் எப்போதும் ஓதம் காத்துக்கொண்டே இருக்கும். தினமும் குளித்துவிட்டு வந்து, கண்ணாடி மேல் நெற்றிக்கு, மார்புக்கு, பாதத்துக்கு என்று சந்தனம் குழைத்து வைப்பாய். வெள்ளிக்கு வெள்ளிதான் துடைப்பாய். ஒரு வியாழக்கிழமை மகேஸ்வரி ஆன்ட்டி டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், உள்ளே எட்டிப் பார்த்தாள். நெற்றியில், மார்பில், பாதத்தில் வெள்ளையாகப் பொடி பூத்து நின்றது. அவள் டிபன் கேரியரைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நம் வீட்டில் விபூதி கொட்டுகிறது என்று அரை மணி நேரத்தில் ஊரே சொன்னது.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. அன்று காலையில்தான் என் ஸ்கூல் ஷூவை எடுத்திருந்தேன். அதே வெள்ளை, அதே வாடை. ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். "அம்மா, இது பூஞ்சை. என் ஷூவுலயும் இருக்கு." நீ ஷூ அலமாரியின் கதவைச் சாத்தினாய். "வாய மூடிட்டு இரு" என்றாய். நான் உன்னை அப்போது எவ்வளவு கேவலமாக நினைத்தேன் தெரியுமா? தண்ணீர் ஊற்றிப் பள்ளம் கண்டுபிடித்த என் அம்மா, ஷூவில் இருக்கிற பூஞ்சையைப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் கை கூப்பிக்கொண்டு நிற்கிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சரி, நீ புதிது. அவர்கள் அந்த ஊரில் வருஷக்கணக்காக இருக்கிறவர்கள். ஒவ்வொரு கரீஃபிலும் பெல்ட்டிலும் பெட்டியிலும் கல்யாண ஆல்பத்திலும் இதைத் துடைத்து எறிந்தவர்கள். அவர்கள் வீட்டில் பெல்ட்டில் வந்தால் பூஞ்சை, நம் வீட்டில் முருகனிடம் வந்தால் விபூதி. தாளை வைத்துச் சுரண்டினார்கள். பொட்டலம் கட்டினார்கள். பஞ்சாட்சரம் அங்கிள் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தை அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, மணக்கிறது என்றார். அடுத்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் சார், மணக்கிறது என்றார்கள். இப்படி ஒரு கூட்டுக் கண்றாவியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை வந்தால் வீடு கொள்ளவில்லை. ஹாலில் இன்ஜினியர்கள் குடும்பம், சோபாவை ஒதுக்கிவிட்டு ஜமுக்காளம். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த கொத்தனார்களும் வெல்டர்களும் வெளியே வராந்தாவில், செருப்புகளுக்குப் பக்கத்தில். உள்ளே இடம் இல்லை என்று அங்கிள்தான் வாசலிலேயே நிறுத்திவைத்தார். பக்தியிலும் அவருக்கு கிரேடு உண்டு. நீ மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு முதலில் வராந்தாவுக்குப் போவாய். அங்கிளின் முகம் கடுக்கும், நீ கவனிக்காத மாதிரி இருப்பாய். அப்பாவோ காற்றில் மிதந்தார். மேனேஜர் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுகிறார், இதைவிட வேறென்ன வேண்டும் அவருக்கு? எந்தச் சாமிக்கும் ஊதுபத்தி கொளுத்தாத மனிதர், வேட்டி கட்டிக்கொண்டு மணி அடித்தார்.

நீ மாறினாய், அம்மா. அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் கிடந்த பட்டுப்புடவைகளை எடுத்தாய். தலைக்குப் பூ வைத்துக்கொண்டாய். ஆன்ட்டிகள் உன்னை அக்கா என்றார்கள். சமையலறையில் உன்னைச் சுற்றி நின்றுகொண்டு மாமியார் கதை, மலச்சிக்கல் கதை எல்லாம் பேசினார்கள். நீ சிரித்தாய். உன் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இந்த வெறும் ஆட்களுக்காகவா இப்படிக் குதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. சலாலா வாழைப்பழத்தில் பஞ்சாமிர்தம், சர்க்கரைப் பொங்கல், வீடு முழுக்கக் கூட்டம். பஜனை முடிந்ததும் பஞ்சாட்சரம் அங்கிள் தொண்டையைச் செருமினார். நம் வீட்டுப் பெண்ணை நாமக்கல்லுக்கு அனுப்புகிற விஷயத்தை முருகனிடமே கேட்டுவிடலாம் என்றார். யாருக்கு அதில் சந்தேகம் இருந்தது? அப்பா முடிவு செய்தாகிவிட்டது. ஆனால் அங்கிளுக்கு ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது. வெள்ளைப் பூ வந்தால் அனுப்புவது, சிவப்பு வந்தால் இங்கேயே இருப்பது. வாசலில் பூத்த நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் தனித்தனித் தாளில் மடித்துப் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டார்கள். சர்வேயரின் சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள்.

என் வாழ்க்கை முழுசும் அந்தக் குழந்தையின் பிசுபிசுத்த கையில் இருந்தது. அது முதலில் பொங்கல் கிண்ணத்தைப் பிடித்தது. அதன் அம்மா கையைத் திருப்பிவிட்டாள். ஒரு பொட்டலத்தை எடுத்தது. அங்கிள் பிரித்தார். நந்தியாவட்டை.

அரோகரா என்று கூரை பறந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், எனக்குப் பரிசு விழுந்த மாதிரி. மகேஸ்வரி ஆன்ட்டி என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் பக்கத்தில் அபிராமி கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யாராவது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நீ எழுந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் சட்டென்று அடங்கியதும்தான் திரும்பினேன்.

நீ அரக்குப் பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாய். சமையல் மேடை மேல் வைத்தாய். வினிகரில் நனைத்த துணியால் நெற்றியை, மார்பை, பாதத்தை அழுத்தித் துடைத்தாய். கண்ணாடி பளிச்சென்று ஆனது. பழைய முருகன், வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு. துணியை எல்லாருக்கும் காட்டினாய்.

"இது பூஞ்சை. செருப்பு அலமாரியிலயும் இருக்கு, போய்ப் பாருங்க. சந்தனம் வெக்கிற இடத்துல ஈரத்துக்குப் பிடிக்குது" என்றாய். துணியை மேடை மேல் போட்டாய். "பூஞ்சை பிடிச்ச படத்துக்கு முன்னாடி பூக் குலுக்கி எம் பொண்ண அனுப்ப மாட்டேன். அனுப்பறதுக்கு வேற காரணம் இருந்தா, இத்தனை பேர் முன்னாடி சொல்லச் சொல்லுங்க அவர."

அப்பாவிடம் என்ன காரணம் இருந்தது? மேனேஜர் மகள் போனாள், அதனால் என் மகளும் போக வேண்டும் என்பதுதான் காரணம். அதை மேனேஜர் முன்னால் எப்படிச் சொல்வார்? ஒருவன் உண்மையிலேயே போய் செருப்பு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பஞ்சாட்சரம் அங்கிளின் முகம் கறுத்தது. ஒரு மாதமாகத் தின்றது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நேராக வாஷ்பேசினுக்குப் போனார். அவர் துப்புகிற சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது. பின்னாலேயே சர்வேயரும் போய் வரிசையில் நின்றார். என் வாழ்நாளில் பார்த்த மிக நல்ல காட்சி அதுதான். இன்றைக்கும் மனசு சரியில்லை என்றால் அதை நினைத்துக்கொள்வேன்.

பத்து நிமிஷத்தில் வீடு காலி. பொங்கல் அண்டா அப்படியே இருந்தது. யாரும் உன்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. வராந்தாவிலிருந்த ஒரு கொத்தனார் மட்டும் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் தலையை நீட்டி, "அக்கா, பொங்கல் நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் அப்பா கத்தினார். மானம் போச்சு, மேனேஜர் முகத்தில் எப்படி முழிப்பது, அது இது என்று. கடைசியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்குடி இந்தக் கூத்து?"

நீ படத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாய். புதுச் சந்தனம் வைத்தாய், விளக்கை ஏற்றினாய். அப்புறம் திரும்பாமலே சொன்னாய். "ரூவியில அத்தன வருஷம் இருந்தோம். நம்ம வீட்டுக் கதவை யாராவது தட்டியிருக்காங்களா? படத்தைப் பாக்க வந்தாங்க. வந்த எடத்துல என்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசினாங்க. அதான்."

அப்பா தீபாவளி வரைக்கும் உன்னிடம் பேசவில்லை. அது உனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் மற்றவர்களும் பேசவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் உன்னைக் கண்டால் மகேஸ்வரி ஆன்ட்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவாள். பொங்கல் விழாவுக்கு நமக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. பூஞ்சை மாமி என்று உனக்குப் பேர் வைத்தார்கள். அந்தப் பேரை வைத்தவர்கள், அதையே பிரசாதமாகத் தின்றவர்கள் என்பதை மறந்துவிடாதே. நான் சலாலாவிலேயே பள்ளிக்கூடம் போனேன், சைக்கிள் ஓட்டினேன், தாகம் எடுத்தால் யாரையும் கேட்காமல் தண்ணீர் குடித்தேன். பட்டுப்புடவைகள் திரும்பவும் பெட்டிக்குள் போயின. வெள்ளிக்கிழமைகளில் நீ வழக்கம்போலக் கொஞ்சம் அதிகமாகவே சமைப்பாய். மிச்சத்தை ராத்திரி நாம் இரண்டு பேரும் சாப்பிடுவோம். கதவு தட்டினால் நீதான் முதலில் எழுந்து போவாய். பெரும்பாலும் தண்ணீர் கேன் போடுகிறவன்தான்.

உன் பதிமூன்றாம் நாளுக்குப் பஞ்சாட்சரம் அங்கிள் திருச்சி வீட்டுக்கு வந்திருந்தார். ரிட்டயர் ஆகி, கோலூன்றி, நெற்றியில் அதே பட்டை. வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துக்கொண்டு கதை சொன்னார். இந்த அம்மா சாதாரணப் பிறவி இல்லை, சலாலாவில் இவர் கையால் பூஜித்த படத்தில் விபூதி கொட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தேன், தன்னைப் புகழ்கிறார்களே என்ற கூச்சத்தில் அந்த அம்மாதான் அதை மறைத்துவிட்டார் என்று. நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "தெய்வப் பிறவி" என்று தலையாட்டினார். தண்ணீரில் காந்தம் கண்டவர்கள், அம்மா. இவர்கள் இதையும் சொல்வார்கள், இதற்கு மேலும் சொல்வார்கள். அந்தக் கிருத்திகைக்குப் பிறகு நீ உயிரோடு இருந்தவரை உன் வீட்டு வாசலை மிதிக்காதவர்களுக்கு, செத்தபிறகு நீ சாமியாகிவிட்டாய்.

"அது பூஞ்சை, அங்கிள். எங்கம்மாதான் துடைச்சுக் காட்டினாளே. நீங்க வாய் கொப்பளிச்சீங்க" என்றேன். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். அம்மா போன துக்கத்தில் பேசுகிறேனாம்.

இரண்டு நாள் கழித்து அபிராமி போன் செய்தாள். அபுதாபியில் டாக்டர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட பேசியதில்லை. அவள் அப்பாதான் நம்பர் கொடுத்தாராம். துக்கம் விசாரித்தாள், நானும் சம்பிரதாயமாகப் பதில் சொன்னேன். வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாள், "அன்னைக்கு உங்கம்மா படத்தைத் துடைச்சப்போ நான் யார் மேல கோபப்பட்டேன் தெரியுமா?" எங்கள் மேல்தான் என்றேன்.

"இல்ல, எங்கம்மா மேல. அவங்களும் அங்கதான உக்காந்திருந்தாங்க" என்றாள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

உன்னிடம் இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கூட்டத்தை நான் இன்றைக்கும் மதிக்கவில்லை. சாகிற வரைக்கும் மதிக்கப் போவதும் இல்லை. காந்தம் பேசுகிறவர்கள், பூஞ்சை தின்கிறவர்கள், மேனேஜர் சிரித்தால் சிரிக்கிறவர்கள், பெற்ற பிள்ளையைத் தேய்த்து எடுக்கக் கொடுத்துவிட்டுப் பெருமையடிக்கிறவர்கள். உன் கால் தூசிக்குப் பெறமாட்டார்கள். ஆனால் இப்படி அவர்களை ஒன்றுக்கும் ஆகாதவர்கள் என்று திட்டிக்கொண்டே போனால், நீ எனக்காக விட்டுக்கொடுத்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். அப்படிச் சொல்லத்தான் என்னால் முடியவில்லை. ஏனென்றால், அம்மா, அந்த ஊரில் உன்னோடு உட்கார்ந்து பேச உனக்கு அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.